பதினெட்டாவது ஆள்

உலகத்திலேயே வேகமாக ஆங்கிலம் பேசும் டி.வி. சீரியலை, ஆங்கிலம் தெரியாத ஒருவருக்குப் போட்டுக்காட்டும் யோசனை யாருக்காவது வருமா? எனக்கு வந்தது. போன தீபாவளி லீவில் சின்னமனூரில், சித்தப்பா வீட்டுத் திண்ணையில், ஒரு ஸ்டூலின் மேல் லேப்டாப்பை வைத்து 'தி வெஸ்ட் விங்' போட்டேன். நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லவேண்டும், அவர் வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்பார் என்று ஒப்பந்தம்.

சித்தப்பாவுக்கு வயது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல். அதற்கு முன்னால் கட்சி. எங்கள் பக்கத்தில் அப்போது ஒரே கட்சிதான் இருந்தது என்பார். மறுத்துப் பேசினால் ராத்திரி சாப்பாடு கிடைக்காது.

கம்பம் பள்ளத்தாக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்களுக்கு அரசியல் சீரியல் என்று தனியாக ஒன்று தேவையே இல்லை. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆண்டிப்பட்டியில் நின்றார். 1989-ல் ஜெயலலிதா சேவல் சின்னத்தில் போடியில் நின்று ஜெயித்தார். அதே தேர்தலில் ஜானகி அம்மாள் இரட்டைப் புறாவோடு ஆண்டிப்பட்டியில் நின்று தோற்றார். 2002-ல் ஜெயலலிதா மறுபடி ஆண்டிப்பட்டிக்கு வந்தார். பெரியகுளத்தில் டீக்கடை வைத்திருந்தவர் மூன்று தடவை முதலமைச்சர் ஆனார். எபிசோடுகளுக்குக் குறைச்சலே இல்லை. எழுதியவர் பெயர்தான் டைட்டிலில் வரவில்லை.

'வெஸ்ட் விங்'கில் வரும். ஆரன் சோர்கின்.

பார்க்காதவர்களுக்காக ஒரு பாரா. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் அலுவலகம் இருக்கும் பகுதிக்குப் பெயர் வெஸ்ட் விங். ஜோசையா பார்ட்லெட் என்கிற கற்பனை ஜனாதிபதி, அவரைச் சுற்றி ஆறேழு உதவியாளர்கள். 1999-லிருந்து 2006 வரை என்.பி.சி. சேனலில் ஏழு சீசன் ஓடியது. 2000 முதல் 2003 வரை வரிசையாக நான்கு வருடம் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது. சோர்கின் முதல் நான்கு சீசனோடு கிளம்பிவிட்டார். ஆனால் அந்த எண்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கிறது. அமெரிக்க டி.வி.யில் ஒரு சீரியலுக்குப் பத்துப் பேர் உட்கார்ந்து எழுதுவதுதான் வழக்கம். இங்கே அந்த அறையில் இருந்தவர்கள் விஷயம் சேகரித்துக் கொடுத்தார்கள், இவர் எழுதினார் என்று சொல்லலாம். அதில் சண்டையும் வந்தது. அதற்கு வருகிறேன்.

அவர் பெயரைச் சொன்னாலே வசனம்தான் ஞாபகம் வரும். நீளமான தாழ்வாரத்தில் இரண்டு பேர் வேகமாக நடந்துகொண்டே பேசுவார்கள், காமிரா அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி ஓடும், மூலையில் ஒருவர் கழன்றுகொள்ள இன்னொருவர் வந்து ஒட்டிக்கொள்வார். 2003 வாக்கில் பர்மா பஜாரில் டி.வி.டி. வாங்கி முதல் தடவை பார்த்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. நானும் அந்த வசனத்துக்காகத்தான் இருபது வருடமாக அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவோடு பார்த்தபோதுதான் தப்பு புரிந்தது. நிறுத்தி மொழிபெயர்த்தால் வசனம் செத்துவிடும். ஜோக் போய்விடும், தாளம் போய்விடும். அப்புறமும் என்ன மிச்சம் நிற்கிறதோ அதுதான் சரக்கு. பல எபிசோடுகள் நிற்கவில்லை. வரிவிதிப்பு பற்றி இரண்டு பேர் சாமர்த்தியமாக அடித்துக்கொள்ளும் ஒரு காட்சியில் சித்தப்பா எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தார். நின்றவை மூன்று.

முதலாவது, முதல் சீசனில் வரும் கிறிஸ்துமஸ் எபிசோட், 'இன் எக்ஸெல்ஸிஸ் டேயோ'. 1999 டிசம்பரில் ஒளிபரப்பானது. வாஷிங்டனில் கொரியப் போர் நினைவிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில், வீடில்லாத ஒருவர் குளிரில் செத்துக் கிடக்கிறார். கோட்டுப் பாக்கெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு. டோபி ஸீக்லர், ஜனாதிபதியின் தகவல் தொடர்பு இயக்குநர். போலீஸ் அவரைக் கூப்பிடுகிறது. செத்தவரை டோபிக்குத் தெரியாது. பழைய கோட்டை எப்போதோ தானம் கொடுத்திருக்கிறார், கார்டு அதில் தங்கிவிட்டது. அவ்வளவுதான் சம்பந்தம்.

வேறு யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறியிருப்பார். டோபியால் முடியவில்லை. இறந்தவர் கொரியாவில் சண்டை போட்ட முன்னாள் வீரர் என்று கண்டுபிடிக்கிறார். அவருடைய தம்பியைத் தேடுகிறார். தம்பிக்கும் வீடில்லை, அறிவும் கொஞ்சம் மந்தம். ஜனாதிபதியின் பெயரை அவருக்கே தெரியாமல் பயன்படுத்தி ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்ய ஏற்பாடு பண்ணிவிடுகிறார். ஜனாதிபதி கூப்பிட்டுக் கேட்கிறார்: இப்படிச் செய்தால் எல்லா முன்னாள் ராணுவத்தினரும் கிளம்பி வந்துவிடமாட்டார்களா? வந்தால் சந்தோஷம் என்கிற பொருளில் டோபி பதில் சொல்லிவிட்டுப் போகிறார்.

அடக்கம் நடக்கும்போது ஜனாதிபதியின் வயதான செயலாளர் மிஸஸ் லாண்டிங்ஹாமும் வந்து நிற்கிறார். அவருடைய இரட்டைப் பிள்ளைகள் வியட்நாமில் செத்தவர்கள். அந்தப் பக்கம் வெள்ளை மாளிகையில் சிறுவர்கள் பாடுகிறார்கள். இந்தப் பக்கம் துப்பாக்கி வேட்டு. கொடியை மடித்துத் தம்பி கையில் கொடுக்கிறார்கள். நான் ஒரு வார்த்தை மொழிபெயர்க்கவில்லை. சித்தப்பா கேட்கவும் இல்லை. வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை என்றேனே, அது இந்த எபிசோடுக்குத்தான். எழுத்தில் ரிக் கிளீவ்லேண்ட் என்பவர் பெயரும் இருக்கிறது. அவருடைய அப்பா கொரியப் போருக்குப் போய்வந்து தெருவில் வாழ்ந்தவர். 2000-ல் எம்மி கிடைத்தபோது இருவரும் மேடை ஏறினார்கள், சோர்கின் மட்டும் பேசினார். பிறகு யார் எவ்வளவு எழுதினது என்று வெளியில் வாக்குவாதம். சோர்கினின் மிகச் சிறந்த எபிசோடுகளைப் பட்டியல் போடும் யாரும் இதை விடமாட்டார்கள். அதன் உயிர் இன்னொருவர் வீட்டுச் சாவிலிருந்து வந்தது. இதைச் சொல்லாமல் பாராட்டினால் எனக்கு உறுத்தும்.

இரண்டாவது, '17 பீப்பிள்'. 2001 ஏப்ரல். என்னைக் கேட்டால் சோர்கின் எழுதியதில் இதுதான் உச்சம்.

ஏறக்குறைய முழுக்க அறைகளுக்குள்ளேயே நடக்கிறது. ஒரு பக்கம் இளவட்டங்கள் உட்கார்ந்து, பத்திரிகையாளர் விருந்தில் ஜனாதிபதி பேசுவதற்கு ஜோக் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் தேறவில்லை. இன்னொரு பக்கம் டோபி ராத்திரி ராத்திரியாகத் தன் அறைச் சுவரில் ரப்பர் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். டொக். டொக். ஏதோ கணக்கு இடிக்கிறது. முதல் தவணையில் இருக்கும் ஜனாதிபதி அடுத்த தேர்தலிலும் நிற்பார் என்பதுதான் எல்லோருடைய எண்ணம். அப்படியிருக்க, துணை ஜனாதிபதி ஏன் தானே நிற்கப்போகிறவர் மாதிரி நடந்துகொள்கிறார்? டொக். டொக்.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. உத்தமபாளையத்தில் பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. கணக்கில் பொய் எழுதுவது ஒரு தப்பு, உண்மையை எழுதாமல் விடுவது இன்னொரு தப்பு. படிக்கிறவருடைய முடிவையே மாற்றக்கூடிய விஷயம் என்றால் இரண்டும் ஒரே தப்புதான். பேலன்ஸ் ஷீட்டின் அடியில் பொடி எழுத்திலாவது அதைப் போட்டாக வேண்டும். டோபியின் பந்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நல்ல ஆடிட்டர் ஒருவரின் பென்சில் ஞாபகம் வரும். டிக், டிக் என்று போய்க்கொண்டே இருந்து ஒரு இடத்தில் நிற்குமே, அந்தப் பென்சில்.

பார்ட்லெட்டுக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோஸிஸ். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் வியாதி. எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்லமுடியாது. நாட்டுக்குச் சொல்லாமலே தேர்தலில் நின்று ஜெயித்திருக்கிறார். மனைவி டாக்டர், அவரே ரகசியமாக வைத்தியம் பார்க்கிறார். டோபியை அறைக்குக் கூப்பிட்டு ஜனாதிபதி தன் வாயால் சொல்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் மொத்தம் பதினேழு பேர், டோபியைச் சேர்த்து.

டோபி அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கோபப்படுகிறார். ஒரு கேள்வி கேட்கிறார். சில மாதம் முன்னால் ஜனாதிபதி சுடப்பட்டு மயக்க மருந்தில் கிடந்தாரே, அப்போது அதிகாரத்தைத் துணை ஜனாதிபதிக்கு மாற்றிக் கடிதம் எழுதவில்லையே, அன்று ராத்திரி இந்த நாட்டை நடத்தியது யார்? வியாதி பாவம், சரி. ஆனால் ஓட்டுப் போட்டவன் யாருக்கு ஓட்டுப் போட்டான்? தெருவில் நிற்கிறவன் கேட்கவேண்டிய கேள்வியை அறைக்குள் ஒருவன் கேட்கிறான். சம்பளம் வாங்குகிறவன், விசுவாசி, அந்த மனிதரை நேசிக்கிறவன்.

சித்தப்பா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பதினேழு பேருக்குத் தெரிஞ்சது ரகசியமாடா? நம்ம ஊர்ல ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா போடி ஏலக்காய் மண்டி வரைக்கும் போயிரும்."

சிரித்தோம். அன்றைக்கு அதோடு படுக்கப் போய்விட்டோம்.

மறுநாள் காலையில் பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்துகொண்டிருந்தோம். திராட்சைப் பந்தலில் நிமிர்ந்து நடக்கமுடியாது, தெரியும்தானே? திடீரென்று கேட்டார், "வீடியோ வேன் ஞாபகம் இருக்கா?"

எனக்கு அப்போது எட்டு வயது. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆரைச் சென்னையில் அப்போலோவில் சேர்த்தார்கள். சிறுநீரகம், பிறகு பக்கவாதம். மாதக் கடைசியில் இந்திரா காந்தி சுடப்பட்டார். நவம்பரில் எம்.ஜி.ஆரை நியூயார்க், புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் மாற்று சிறுநீரகம் பொருத்தினார்கள். டிசம்பர் 24 வாக்குப்பதிவு. ஆண்டிப்பட்டி வேட்பாளர் தொகுதிப் பக்கமே வரவில்லை, ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் படுக்கையில் இருந்தார். அவருக்குப் பதிலாகப் படம் வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் இருப்பதை எடுத்துத் தமிழ்நாடு முழுக்கப் போட்டுக்காட்டினார்கள். 30 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மறுபடி முதலமைச்சர்.

சித்தப்பா அந்த வேன்களில் ஒன்றோடு ஆண்டிப்பட்டிப் பக்கம் ஊர் ஊராகப் போனவர். ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனார். ஜெனரேட்டர் சத்தம், அதற்கு மேல் பெண்களின் அழுகைச் சத்தம், குலவைச் சத்தம். திரையில் தலைவர் சாப்பிட்டார், பேப்பர் பார்த்தார். கும்பிட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்.

"பேசினாரா?" என்றார் சித்தப்பா.

யோசித்தேன். அவர் பேசியதாக எனக்கு நினைவில்லை.

"நான் எத்தனை தடவை பாத்திருப்பேன். முத நாளே கவனிச்சுட்டேன், வாயத் தொறந்து ஒரு வார்த்தை வரலைன்னு. வேன்ல வந்த நாலு பேர்ல எவனும் அதைப் பேசலை. நானும் பேசலை. ஊர்ல ஒரு கிழவி கேட்டுச்சு, 'ஏய்யா, மகராசன் நல்லா பேசுறாராய்யா'ன்னு. 'நல்லா பேசுறாருத்தா, உங்களையெல்லாம் விசாரிச்சாரு'ன்னு சொன்னேன்."

குனிந்தபடியே ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு நடந்தார்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். பார்ட்லெட் வியாதியையே மறைத்தார். எம்.ஜி.ஆருக்கு உடம்பு சரியில்லை என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்; கோயில் கோயிலாக வேண்டுதல் நடந்தது. தெரிந்துதான் ஓட்டுப் போட்டார்கள். எவ்வளவு சரியில்லை என்பதுதான் பொடி எழுத்தில்கூட வரவில்லை. திரும்பி வந்த பிறகு பேச்சு முன்போல் இல்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள், அதற்காக யாரும் அவரை வெறுத்துவிடவும் இல்லை. சொல்லியிருந்தாலும் ஜெயித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கிழவி பதில் கேட்டு ஓட்டை மாற்றியிருக்கப்போவதில்லை. ஆனாலும் கேட்டாளே. அதற்கு என்ன பதில்?

2016 செப்டம்பரில் காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்று ஆரம்பித்து 75 நாள் வந்த அறிக்கைகளும், 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தின நாள் வெளியான இன்னொரு ஆஸ்பத்திரி வீடியோவும் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். நான் விளக்கவேண்டாம்.

நம்மிடம் அரசியல் நாடகம் இல்லாமல் இல்லை. 1968-ல் மேடையேறி 1971-ல் சினிமாவான சோவின் 'முகமது பின் துக்ளக்', 1994-ல் மணிவண்ணனின் 'அமைதிப்படை' எல்லாம் இன்றைக்குப் போட்டாலும் கைதட்டல் வாங்கும். ஆனால் அவற்றில் தலைவன் கோமாளி அல்லது அயோக்கியன். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நல்ல தலைவன், நாம் நேசிக்கிற தலைவன், அவன் ஒரு தப்பு செய்கிறான், அவன் அறையிலேயே ஒருவன் எழுந்து நிற்கிறான் என்கிற காட்சியை நம்மில் யார் எழுதியிருக்கிறார்கள்? எனக்குச் சட்டென்று ஒன்றும் அகப்படவில்லை.

சோர்கினைத் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். சறுக்கல்கள் உண்டு. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அவசர அவசரமாக எழுதி அக்டோபர் முதல் வாரமே காட்டிய 'ஐஸக் அண்ட் இஷ்மயேல்' எபிசோடு, பள்ளிக்கூடப் பாடம். பயங்கரவாதம் என்றால் என்ன என்று பிள்ளைகளை உட்கார்த்திவைத்து ஒவ்வொருவராக வந்து விளக்குகிறார்கள். ஆண்கள் விளக்க, பெண்கள் கேட்டுக்கொள்வது இவரிடம் எப்போதும் இருக்கும் ஒரு வியாதி. இன்னொன்று, இவருடைய உலகத்தில் ஜனங்களே கிடையாது. கதவுக்கு அந்தப் பக்கம் முப்பது கோடிப் பேர் இருப்பதாகப் பேசிக்கொள்வார்கள், ஒரு முகம் தெரியாது. நம் ஊர் நாடகத்தில் ஜனங்கள்தான் கதாநாயகன், அறைக்குள் என்ன நடந்தது என்பது கடைசிவரை தெரியாது. அதனால்தான் நான் சொல்லும் மூன்றும் மேலே நிற்கின்றன. இவற்றில் மட்டும் கதவு கொஞ்சம் திறக்கிறது.

மூன்றாவதை அன்று ராத்திரி பார்த்தோம். 'டூ கதீட்ரல்ஸ்', 2001 மே, இரண்டாம் சீசனின் கடைசி. வியாதி விஷயம் வெளியே வரப்போகிறது. அதே நேரத்தில் மிஸஸ் லாண்டிங்ஹாம், புதுசாக வாங்கிய காரில் போகும்போது, குடித்துவிட்டு வந்தவன் மோதி இறந்துபோயிருக்கிறார். இறுதிச் சடங்கு முடிந்ததும் பார்ட்லெட் தேவாலயக் கதவுகளை மூடச்சொல்கிறார். தனியாக நின்று கடவுளைத் திட்டுகிறார். முதலில் ஆங்கிலம், பிறகு லத்தீன். அமெரிக்காவில் ஒளிபரப்பும்போது அந்த லத்தீனுக்கு சப்டைட்டில் போடவில்லை. அதாவது அந்த நிமிடத்தில் நியூயார்க்காரனும் சின்னமனூர்க்காரரும் ஒரே நிலைமை.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "தெரியுது. வையுறாரு." வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்துக்கொண்டு அம்மனை உரிமையோடு ஏசுகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு லத்தீன் எதற்கு? பார்ட்லெட் சிகரெட்டைப் பளிங்குத் தரையில் போட்டு ஷூவால் நசுக்கியபோது மட்டும், "அது தப்பு" என்றார்.

முடிவில் மழை. மறுபடி நிற்பாரா மாட்டாரா என்று அவருடைய ஆட்களுக்கே தெரியாது. நிருபர்கள் கூட்டத்துக்கு நனைந்தபடி போகிறார். வியாதி பற்றிக் கேட்கக்கூடிய நிருபரை முதலில் கூப்பிடுங்கள், அது சுலபம் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர் வேறொருவரைக் கூப்பிடுகிறார். கேள்வி வருகிறது, மறுபடி நிற்பீர்களா? பதில் இல்லை. இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு லேசாகச் சிரிக்கிறார். சின்னப் பையனாக இருக்கும்போது அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் இப்படித்தான் நிற்பார் என்று மிஸஸ் லாண்டிங்ஹாம் சொன்னது நமக்குத் தெரியும். வசனத்தால் பெயர் வாங்கிய எழுத்தாளர், தன் மிகப் பெரிய கேள்விக்கு வசனமே எழுதவில்லை. இதற்குப் பிறகு அடுத்த சீசனில் விசாரணை, கண்டனத் தீர்மானம், நான் செய்தது தப்புதான் என்று ஜனாதிபதி அதை ஏற்றுக்கொள்வது எல்லாம் வரும். நன்றாகவே இருக்கும். ஆனால் உயரம் இதுதான்.

லேப்டாப்பை மூடினேன். சித்தப்பா செம்பில் தண்ணீர் எடுத்து வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தாடிக்காரன் என்னடா ஆனான்?"

டோபியைக் கேட்கிறார்.

"ஏழாவது சீசன்ல வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க சித்தப்பா. ராணுவ ரகசியத்தைப் பேப்பர்க்காரங்களுக்குச் சொல்லிட்டான்னு. கடைசி நாள்ல ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்."

"அதையும் இதே ஆளா எழுதுனது?"

"இல்ல. இவர் அதுக்கு முன்னாடியே போயிட்டார்."

"அதான பாத்தேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மோட்டாரை நிறுத்தப் போனார்.